சைக்கிளுக்குத் தண்ணீர் பாட்டில் ஹோல்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: விடியற்காலைச் சாலை. சைக்கிளின் ஃபிரேமில் செருகிய பாட்டில் அண்மைக் காட்சியில்.]

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வேகத்தடையில் என் பாட்டில் ஹோல்டரிலிருந்து எகிறி விழுந்து சாலையில் உருண்டது. பின்னால் வந்த நண்பர் அதன்மேல் சக்கரம் ஏறிவிடாமல் இருக்க வண்டியைச் சட்டென்று ஒடித்தார். நல்லவேளையாக அவர் விழவில்லை. ஹோல்டர் நல்ல விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனால் அதில் நான் செருகியிருந்தது கடையில் வாங்கிய அரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில். அன்றிலிருந்து ஹோல்டரைப் பற்றி யார் கேட்டாலும், எந்தப் பாட்டிலை வைக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

[காட்சி: மேசையில் மூன்று பாட்டில்கள், ஒரு நூல், ஓர் அளவுகோல்.]

சைக்கிளுக்கென்றே விற்கப்படும் பாட்டில்கள் பெரும்பாலும் 73 அல்லது 74 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஹோல்டர்களும் அந்த அளவை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. பாட்டிலின் மேல்பகுதியில் இடுப்பைப் போல் உள்ளொடுங்கிய ஒரு பள்ளம் இருப்பதைப் பாருங்கள். ஹோல்டரில் துருத்தி நிற்கும் சிறு நாக்கு இந்தப் பள்ளத்தில் பதிந்துகொள்வதால்தான், குண்டும் குழியுமான சாலையிலும் பாட்டில் மேலே எழும்பாமல் நிற்கிறது. வழவழப்பான ஸ்டீல் பாட்டில்கள் பலவற்றில் இந்தப் பள்ளமே கிடையாது.

உங்களிடம் உள்ள பாட்டிலைச் சுற்றி ஒரு நூலை இறுக்கி, முனை சந்திக்கும் இடத்தைக் கிள்ளிப் பிடித்து, அளவுகோலில் நீட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் வந்தால் வழக்கமான ஹோல்டர் எதுவும் பொருந்தும். 20 சென்டிமீட்டர்தான் வருகிறது என்றால் பாட்டில் உள்ளே ஆடும். 25-ஐத் தாண்டினால் ஹோல்டரை விரித்துக் கெடுத்துவிடும். அப்படிப்பட்ட பாட்டிலைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள், விட்டத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹோல்டரை வாங்க வேண்டும்.

[காட்சி: ஃபிரேமின் சாய்வான குழாயில் உள்ள இரண்டு போல்ட்டுகள்.]

அடுத்தது ஃபிரேம். ஹேண்டிலின் அடியிலிருந்து பெடலை நோக்கிச் சாய்வாக இறங்கும் குழாயில், 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு சிறிய போல்ட்டுகள் இருந்தால், அவை ஹோல்டருக்காகவே வைக்கப்பட்டவை. இந்த இடைவெளி ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் பொது என்பதால், ஹோல்டரின் துளைகள் பொருந்துமா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இடம் போதுமா என்பதுதான் கவலைப்பட வேண்டிய கேள்வி. சிறிய ஃபிரேம்களில் பாட்டிலை மேல்நோக்கி உருவும்போது அதன் மூடி மேற்குழாயில் இடிக்கும். அதற்குப் பக்கவாட்டில் உருவும் ஹோல்டர்கள் உண்டு. அவற்றில் சில வலப்பக்கம் திறப்பவை, சில இடப்பக்கம் திறப்பவை. எந்தப் பக்கத்தைத் தேர்வது? உங்கள் வண்டியில் பின் பிரேக் எந்தக் கையில் இருக்கிறதோ, அந்தக் கை ஹேண்டிலிலேயே இருக்கட்டும். மற்றக் கைக்கு எட்டும் பக்கம் திறக்கும் ஹோல்டரை வாங்குங்கள். ஒற்றைக் கையில் ஓட்டும்போது முன் பிரேக்கை மட்டும் அழுத்த நேர்ந்தால் வண்டி தடுமாறும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

[காட்சி: நான்கு வகை ஹோல்டர்கள் வரிசையாக.]

பொருளைப் பொறுத்தவரை, அன்றாடம் ஓட்டுபவருக்கு அலுமினியமோ தரமான பிளாஸ்டிக்கோ போதும். அலுமினிய ஹோல்டர் தளர்ந்தால் கையாலேயே சற்று உள்ளே வளைத்து இறுக்கிக்கொள்ளலாம்; ஆனால் அடிக்கடி வளைத்தால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விடும். பாட்டிலில் கருப்புக் கோடுகளையும் அது பதிக்கும். பிளாஸ்டிக் அப்படிக் கறை பதிக்காது. எனினும் வெயிலிலேயே நிற்கும் வண்டியில் நாளடைவில் மொரமொரப்பாகி உடையக்கூடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெயின்ட் அடித்த இரும்பைத் தவிர்த்துவிடுங்கள். கார்பன் ஹோல்டர் முப்பது கிராம் அளவிலேயே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் நாம் வைக்கும் முக்கால் லிட்டர் தண்ணீரே 750 கிராம் இருக்கும்போது, சில கிராம்களைக் குறைப்பதற்காகப் பல மடங்கு விலை கொடுப்பதைப் பந்தயத்தில் ஓட்டாதவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

[காட்சி: பழைய மாடல் சைக்கிள். போல்ட் இல்லாத குழாய்.]

பழைய மாடல் சைக்கிள்கள் பலவற்றில் போல்ட்டுக்கான துளைகளே இருக்காது. தயவுசெய்து ஃபிரேமில் நீங்களாகத் துளை போடாதீர்கள். மெல்லிய குழாய் அந்த இடத்தில் பலவீனமாகி, பிறகு அங்கிருந்தே விரிசல் கிளம்பும். ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப் வாங்கி மாட்டலாம். கிளாம்புக்கு அடியில் பிரேக் கேபிளோ கியர் கேபிளோ நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரில் மாட்டும் ஹோல்டர் கைக்கு எளிதில் எட்டும் என்றாலும், திருப்பும்போது தண்ணீரின் எடையும் சேர்ந்து திரும்புவதைக் கையில் உணர்வீர்கள். அங்கே மாட்டுவதானால் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். ஹேண்டிலோடு கட்டிக்கொள்ளும் துணிப்பை வகை எந்த வடிவப் பாட்டிலையும் ஏற்கும்; ஸ்டீல் பாட்டில்காரர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

[காட்சி: எல் கீயால் போல்ட்டை முடுக்கும் கை.]

மாட்டும்போது 5 மில்லிமீட்டர் போல்ட்டின் மரையில் சிறிது கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருப்புங்கள். சாய்வாக ஏறிய போல்ட்டை எல் கீயால் அழுத்தித் திருகினால் மரை போய்விடும். ஹோல்டர் அசையாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள். மேலும் முடுக்கினால், குழாய்க்குள் பதித்திருக்கும் மரைத்துண்டு போல்ட்டோடு சேர்ந்தே சுழலத் தொடங்கும். பிறகு கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

கடைசியாக, பாட்டிலை நிரப்பிச் செருகி, முன்சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கி விடுங்கள். பத்து முறை இப்படிச் செய்யுங்கள். பாட்டில் ஒரு விரல் அகலம் மேலேறியிருந்தால், அந்த ஹோல்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள். அசையாமல் இருந்தால், ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டியபடி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் பாட்டிலை உருவித் திரும்பச் செருகிப் பழகுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு இரண்டு போல்ட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.