கடல் போட்ட அணை
(எண்ணூரில் நடந்த கடற்கரைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஊர்ப் பஞ்சாயத்தார்களே, பந்தலும் மைக்கும் கொடுத்து உதவிய படகுக்காரர்களே, மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேரே இங்கு வந்துவிட்ட அம்மாமார்களே, வணக்கம்.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். மணல் திட்டு எப்படி உண்டாகிறது, யாரால் அழிகிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

தென்மேற்குப் பருவத்தில் அலை கரையில் சாய்வாக மோதி மணலை வடக்கே இழுத்துப் போகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். முகத்துவாரம் வந்ததும் நீரின் வேகம் தணிய, மணல் படிந்து நீண்டுகொண்டே போகும். எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாகக் கிடக்கும் காட்டுப்பள்ளி, கடல் இப்படிச் சேர்த்த மணல்தான். பறக்கிற மணலை இராவணன் மீசையும் அடும்புக் கொடியும் பிடித்து மேடாக்கிவிடுகின்றன.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆயா. விழாவுக்குப் பந்தல் போட வேண்டும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் மணல் மேட்டைச் சமப்படுத்த ஜேசிபி கொண்டுவந்தார். ஆயா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டு உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டார். வண்டி ஓட்டிய பையன், "இறங்கு ஆயா, வெறும் மணலுதானே" என்றான். "டேய், சுனாமி அன்னிக்கி இந்த வெறும் மணலுக்குப் பின்னாடி இருந்த என் குடிசை நின்னுச்சு. முன்னாடி இருந்த ஐஸ் கம்பெனி சுவரு எங்கேன்னு தேடிக் குடு, இறங்குறேன்" என்றார். பையன் வண்டியை அணைத்துவிட்டு, ஆயா கொடுத்த கூழைக் குடித்தான். ஒப்பந்தக்காரர் வந்து கத்த, ஊரே திரண்டுவிட்டது. கடைசியில் பந்தல் பள்ளிக்கூடத் திடலுக்குப் போனது. மேடு இன்றும் இருக்கிறது.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றேனே, நம் அணையைக் கடலே போட்டுக் கொடுத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கல் கொட்டி மணலை மறித்தார்கள். தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. கடலில் இன்னும் ஒரு கல் தடுப்பு வந்தால் அடுத்த அரிப்பு வடக்கே இருப்பவர்களுக்குத்தான். மத்திய அரசின் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலேயே மணற்குன்றுகள் முதல் வகையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்பில், இருக்கின்றன.

காட்டுப்பள்ளி மணலில் இனி ஒரு கல்லும் விழக்கூடாது, மணல் மேடுகளை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். இதைத்தான் மனுவில் எழுதியிருக்கிறோம். தம்பிகள் வாசலில் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.