காய்ச்சலோடு ஒரு வேலை நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

"உடம்பு முடியாட்டியும் வந்துட்டாங்க பாருங்க!" இந்தப் பாராட்டை நான் வாங்கியிருக்கிறேன். பிறருக்குக் கொடுத்தும் இருக்கிறேன்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம். எனக்கு நல்ல காய்ச்சல். ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போய்விட்டேன். நாலைந்து மணி நேரம் உடம்பு லேசாக இருந்தது, அப்புறம் மறுபடி குளிர். ஒரே பக்கத்தை மூன்று முறை கூட்டினேன். மூன்று விடை வந்தது. எப்படியோ முடித்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் கணக்கு உதைத்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டதைப் பார்த்ததும், "எங்கேயோ எண் இடம் மாறியிருக்கு" என்றார் மூத்த கணக்கர். 54 என்பதை 45 என்று பதிந்திருந்தேன். இப்படி இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். அதைத் தேடி எடுக்க இரண்டு பேருக்கு அரை நாள் ஆனது. மூன்றாம் நாள் பக்கத்து மேசைக்காரர் இருமத் தொடங்கினார்.

மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை விரட்டாது. ஃபுளூ வந்தவர், அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே அதைப் பரப்பக்கூடும்.

உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் செய்த முதல் உடன்படிக்கையே தொழிற்சாலை வேலையை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. அதே அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் 2021-இல் சொன்னது என்னை உலுக்கியது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதம் அதிகமாம்.

விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்பவர்களிடம் "ஓய்வெடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது சம்பளத்தோடு விடுப்பு. ஆனால் மாதச் சம்பளக்காரர்களாகிய நாங்கள் ஏன் போனோம்? அந்த வேலை ஒருவருக்கு மட்டுமே தெரியும். அதுதான் காரணம்.

அதனால் எங்கள் பிரிவில் ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேர் கற்றுக்கொண்டோம். பழக ஆறு மாதம் ஆனது, முணுமுணுப்பும் இருந்தது. போன மாதம் ஒரு காலையில் உடன் வேலை பார்க்கும் பெண் போன் செய்தார், குரலே எழும்பவில்லை. "இன்னைக்கு அந்தப் பட்டியல் போகணுமே சார்" என்றார்.

"அது போயிடும்மா. நீங்க படுங்க" என்றேன்.

மதியத்துக்குள் பட்டியல் போய்விட்டது.