ஒப்பந்தம் அப்புறம், கேள்வி முதலில்: மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சி செய்வது எப்படி?

[காட்சி: சேலம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கும் கைகள்.]

குரல்: ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சேலத்தில் ஒரு நெஞ்சக நோய் டாக்டருக்குச் சந்தேகம் வருகிறது: மூச்சிரைப்போடு வருகிறவர்களில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் அதிகமோ? பற்றவைக்கும் உலோகத்தில் காட்மியம் கலந்திருந்தால், அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் இவர்களுக்கும் அதுதான் காரணமா? அதைச் சொல்லப் பட்டறைக் காற்றை அளக்க வேண்டும், சிறுநீரில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பட்டறைப் பக்கமே போகாதவர்களோடு ஒப்பிட வேண்டும். ஓ.பி. வாசலில் வரிசை நிற்கும்போது ஒரு டாக்டர் தனியாகச் செய்கிற வேலையா இது?

[காட்சி: பெரியார் பல்கலைக்கழக நுழைவாயில்.]

குரல்: அதற்கான ஆட்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், புள்ளியியல், உயிர்வேதியியல் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி இணைந்திருப்பது சென்னையில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு. ஊர் ஒன்றுதான், கோப்பு போகிற வழி வேறு. யாராவது மெனக்கெட்டு உட்கார வைத்தால்தான் இரண்டு தரப்பும் ஒரே மேஜைக்கு வரும்.

வழக்கமாக என்ன நடக்கிறது? புரிந்துணர்வு ஒப்பந்தம், சால்வை, போட்டோ, மறுநாள் பேப்பரில் செய்தி. அதோடு சரி. ஒப்பந்தம் கடைசியில் வரட்டும், முதலில் வார்டிலிருந்து ஒரு கேள்வி வரட்டும் என்பது என் கட்சி.

[காட்சி: பழைய காசநோய் மருத்துவமனையின் கறுப்பு வெள்ளைப் படம்.]

குரல்: 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் அப்படித்தான் தொடங்கியது. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று நான்கு பேர் சேர்ந்தார்கள். கேள்வி என்னவோ எளிமையானதுதான்: படுக்கை போதவில்லையே, நோயாளி வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? ஆகும் என்று 1959-இல் பதில் வந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கே மாறியது.

கிட்டத்துக் கதையும் உண்டு. 2022-இல் வந்த காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் மாநில சுகாதாரத் துறையும் சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் கைகோத்தன. நோய் தெரிந்த உடனே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். உடல் எடை உயரத்துக்கு ஏற்ப இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எவ்வளவு வேகம், ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இவ்வளவுதான். ஆராய்ச்சியாளர் தனியாக அறைக்குள் உட்கார்ந்திருந்தால் பத்துப் பக்கப் படிவம் வந்திருக்கும்!

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. மலைக் கிராமத்தில் ரத்தப் பரிசோதனை முகாம்.]

குரல்: இப்போது சேர்வராயன் மலைக்கு வருவோம். இங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பழங்குடிப் பகுதிகளை மனதில் வைத்து 2023-இல் தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. இது பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் ரத்த நோய். நோய்க்குக் காரணமான மரபணு ஒன்று மட்டும் இருப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். இரண்டு பேருமே அப்படிப்பட்டவர்களாக இருந்து கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

அதனால் இந்த ரத்தப் பரிசோதனை ரிசல்ட் சும்மா ஒரு காகிதம் இல்லை. சின்ன ஊரில் அது வெளியே கசிந்தால், ஒரு பெண்ணுக்கு வந்த வரன் நின்றுபோகலாம். பெயரும் முகவரியும் மருத்துவமனையை விட்டு வெளியே போகக் கூடாது, பல்கலைக்கழகத்துக்குக் குறியீட்டு எண் மட்டும்தான் போக வேண்டும். இதை ரத்தம் எடுப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கினால், ஆராய்ச்சிக் குழுவில் இல்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்பவருக்கும் அதே வைத்தியம் கிடைக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பது நெறிமுறைக் குழு. 2017-இல் வந்த தேசிய வழிகாட்டுதலின்படி அதன் தலைவர் அந்த நிறுவனத்துக்காரராக இருக்கக் கூடாது. உறுப்பினர்களில் சட்டம் தெரிந்தவரும் ஒரு சாதாரணக் குடிமகனும் இருக்க வேண்டும். தாமதமாகிறது என்று பலர் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சாதாரண ஆள் "இந்தப் படிவம் எனக்கே புரியலையே" என்று கேட்கும் ஒரு கேள்விக்காகவே காத்திருக்கலாம்.

[திரையில்: யார், எவ்வளவு நேரம், யார் பெயர்?]

குரல்: மீதி சில்லறை விஷயங்கள், ஆனால் சண்டை வருவது இங்கேதான். படிவம் நிரப்புவது ஸ்டாஃப் நர்ஸ் என்றால் அவருடைய டியூட்டி நேரத்தில் அதற்கு இடம் வேண்டும், இல்லையென்றால் தனி ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். எம்.டி. மாணவருக்கு மொத்தமே மூன்று வருடம், பிஎச்.டி. மாணவருக்கு அதைவிட நீளும். ஆகவே மூன்று வருடத்துக்குள் அடங்குகிற பகுதியைத் தனியாக வெட்டிக் கொடுங்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.