கயிறு இழுத்த கை

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய பட்டு என்றதும் அதை உடுத்திய ராணியைப் பற்றிப் பேசுவோம். கொஞ்சம் நியாயம் பார்க்கிறவர்கள் தறியில் உட்கார்ந்தவரையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது ஆளைப் பற்றி.

பெரிய பூவேலைப் பட்டை அந்தக் காலத்தில் ஒருவர் தனியாக நெய்துவிட முடியாது. ஊடை நூல் குறுக்கே போகும் ஒவ்வொரு தடவையும், நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவில் எந்தெந்த இழை எழும்புகிறதோ, அதை வைத்துத்தான் பூ விழும். அந்த இழைகளைக் கயிறுகளோடு இணைத்திருப்பார்கள். கயிறுகளை வரிசை பிசகாமல் இழுக்க இன்னொருவர் வேண்டும். சீனாவில் தறிக்கு மேலேயே கோபுரம் மாதிரி அமைத்து அவரை உட்காரவைத்தார்கள். பிரான்சின் லியோன் நகரில் பக்கத்தில் நின்று இழுத்தார்கள். சிறுமிகளும் இளம்பெண்களும்தான் அதிகம். இழைகளின் அடியில் ஈயக் குண்டுகள் தொங்கும். அந்தப் பாரத்தை நாள் முழுக்கத் தூக்குவது, பிடிப்பது, விடுவது.

சரி, துணியில் அவர்களை எங்கே பார்ப்பது? தவறில்தான். ஒரே கயிறு, துணியின் அகலத்தில் வரும் எல்லாப் பூக்களிலும் அதே இடத்து இழையைத் தூக்கும். கை பிசகினால் அந்த வரிசையில் அத்தனை பூவிலும் ஒரே இடத்தில் இதழ் ஒரு நூல் குறையும். அடுத்த வரிசைப் பூவோ சரியாக இருக்கும், ஏனென்றால் அடுத்த தடவை ஒழுங்காக இழுத்துவிட்டார். கண் அசந்ததோ, யாராவது கூப்பிட்டார்களோ! எனக்கு ராணியின் கதையைவிட இந்த ஒரு நூல்தான் பெரிது.

ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரர் 1804 வாக்கில் கொண்டுவந்த தறியில், கயிறு இழுக்கும் ஆளுக்குப் பதில், எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லத் துளை போட்ட அட்டைகள். அதில் ஒரு துளை தவறினால், அட்டைகள் சுற்றி வரும்போதெல்லாம், நீளம் முழுக்க அதே தவறு. கயிறு இழுத்த பிள்ளைகளுக்கு அந்தப் பாரம் விட்டது, கூலியும் போயிற்று.

நெசவாளிக்கும் நல்ல காலம் வந்துவிடவில்லை. 1831இல் லியோன் நெசவாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டார்கள். பேசி முடித்த கூலியையே வியாபாரிகள் பலர் தர மறுத்தார்கள். நவம்பரில் நகரமே நெசவாளர்கள் கைக்கு வந்தது. படை வந்து அடக்கியது. ஒப்புக்கொண்ட கூலியும் ரத்தானது. 1834இல் மறுபடியும் எழுந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அப்புறம் ஐந்தே வருடத்தில், 1839இல், அதே ஊரில் ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் பிடித்தன. அச்சுப் படமோ என்று ஏமாறும் அளவுக்கு நுணுக்கம்.

நம் நாட்டில் வங்காளத்து முர்ஷிதாபாத் பக்கத்துப் பாலுச்சரி புடவைகளும் கயிறு இழுத்து நெய்தவைதான். ஜரிகை கிடையாது, முழுக்கப் பட்டு நூல். வெள்ளிக்காக உருக்க அதில் ஒன்றும் இல்லை. பல புடவைகள் பிழைத்துக் கிடக்க அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே துப்ராஜ் தாஸ் என்ற நெசவாளி தன் பெயரையே புடவையில் நெய்துவைத்தார். நெசவாளிகளில் அபூர்வமான துணிச்சல். அவர் தறியில் கயிறு இழுத்தவரின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

இப்போது திரையில் ஒரு பாலுச்சரி முந்தானை வரும். ஹூக்கா பிடிக்கும் நவாபு தானாகவே கண்ணில் படுவார், அவரை விடுங்கள். கீழே பூவரிசையில் எங்காவது குறுக்குவாக்கில் ஒரே கோட்டில் இதழ் குறைகிறதா, தேடுங்கள்.