துப்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஞானப்பல் எடுத்து முடித்ததும் நோயாளியிடம் நான் மூன்று முறையாவது சொல்வது ஒன்றுதான்: "துப்பாதீங்க." தலையாட்டுவார்கள். எழுந்ததும் கண் வாஷ்பேசினைத் தேடும்.

பல் எடுத்த குழியில் ரத்தம் நிரம்பி, கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பு ஜெல்லி போல உறைகிறது. அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் அதுதான் மூடி. சீக்கிரமே அது பெயர்ந்தோ கரைந்தோ போனால் எலும்பு திறந்து கிடக்கும். இதைத்தான் டிரை சாக்கெட் என்கிறோம். மற்ற பற்களைவிடக் கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது அதிகம்.

ஒரு கல்லூரி மாணவர். சனிக்கிழமை பல் எடுத்தோம். செவ்வாய் காலையில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர், இப்ப காது வரைக்கும் தெறிக்குது." வாயைத் திறந்தால் நாற்றம்; குழி காலி, உள்ளே வெளிறிய எலும்பு. விசாரித்தேன். "ரத்தத்த முழுங்காதடா, துப்பு" என்று பாட்டி பக்கத்திலேயே சொம்பு வைத்திருக்கிறார். போதாததற்குச் சென்னை வெயிலுக்கு இளநீர், அதுவும் ஸ்ட்ரா போட்டு. துப்பினாலும் உறிஞ்சினாலும் அந்த மூடி பெயர வாய்ப்பு உண்டு. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன், இளநீரையும்தான். தம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கலாம்.

பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டாம். முதல் நாள் எச்சில் லேசாகச் சிவந்து வந்தால் பயமில்லை, விழுங்கிவிடலாம். பஞ்சை மாற்றிக் கடித்தும் ரத்தம் நிற்காமல் கொட்டினால் மட்டும் உடனே கூப்பிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் கொப்பளிக்கவே கூடாது. அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து, தானாக வழிய விடுங்கள். கடகடவென்று கொப்பளிப்பது நம் ஊர்ப் பழக்கம், தெரியும். ஒரு வாரம் அதற்கு லீவு.

சிகரெட், பீடி மூன்று நாளாவது கூடாது. இழுப்பது ஒரு கெடுதல், புகை இன்னொன்று. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் ஆபத்து சற்றுக் கூடுதல். பல் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். இரண்டாம், மூன்றாம் நாளில் வலி ஏறினால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள், பல் மருத்துவரிடம் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்போம். அதில் பெரும்பாலும் கிராம்பில் இருக்கும் யூஜினால்தான் சேர்ந்திருக்கும். அதற்காக வீட்டில் கிராம்பைத் திணிக்கவோ கிராம்புத் தைலத்தை ஊற்றவோ வேண்டாம், சதை வெந்துவிடும்.

அந்த மாணவருக்கு மருந்து வைத்த கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. எழுந்தவர் வாஷ்பேசின் பக்கம் ஓர் அடி வைத்து, என்னைப் பார்த்தார். அப்படியே விழுங்கிக்கொண்டார்.