பாதத்தில் ஒரு கரும்புள்ளி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், கருத்த தோலுக்கு அது வராது என்று சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு தடுத்துவிடுவதால், ஆஸ்திரேலியாவில் காணும் அளவுக்கு இந்நோய் நம் நாட்டில் இல்லை. ஆனால் மெலனோமா என்னும் கொடிய வகை நம்மவர்களுக்கு வரும்போது, பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும்தான் தோன்றுகிறது. நாம் குனிந்து பார்க்காத இடங்கள் அவை.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977ஆம் ஆண்டு வலது கால் பெருவிரல் நகத்தின் அடியில் இந்த நோய் கண்டறியப்பட்டது. கால்பந்து ஆடும்போது பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. விரலை எடுத்துவிட வேண்டும் என்ற ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் மூளை வரை பரவி, 1981இல் தம் 36ஆம் வயதில் காலமானார்.

அடிபட்டு உறைந்த இரத்தத்தையும் மெலனோமாவையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. உறைந்த இரத்தம் நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து, கால் நகமானால் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் வெளியேறிவிடும். மெலனோமாவின் கறுப்பு நகராது. பல விரல்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது நம் நிறத்தவர்க்கு இயல்பே. நடுவயதுக்கு மேல் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு தோன்றி, அகன்று, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் கறுப்பு இறங்கினால் உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள். மருதாணியும் நகப்பூச்சும் இதை மறைத்துவிடும் என்பதால், அவை இல்லாத நாளில் ஒருமுறை நகங்களைப் பார்ப்பது நல்லது.

உள்ளங்காலில் தோன்றும் கறுப்பைக் கால் ஆணி என்று எண்ணிப் பிளேடால் சீவுவதும், மச்சத்தின் மேல் சுண்ணாம்பும் சோடாவும் வைத்துச் சுடுவதும் இன்றும் நடக்கின்றன. இவை நோயை ஒழிப்பதில்லை. நோயின் அடையாளத்தை அழித்துவிடுகின்றன, அவ்வளவுதான். பாதத் தோலில் ரேகைகளுக்கு இடையே பள்ளமும் மேடும் உண்டு. டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தால், சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்திலும், மெலனோமாவின் நிறம் மேட்டிலும் படிந்திருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியற்ற சோதனை இது.

இன்னொரு வகைப் புற்றுநோய் பழைய தீத்தழும்புகளிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத கால் புண்களிலும் உருவாகிறது. பழகிப்போன புண்ணின் விளிம்பு தடித்தாலோ, பூக்கோசு போல் சதை வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, களிம்பு மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சதைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வேட்டியோ பாவாடை நாடாவோ இறுக்கி இடுப்பில் ஆறாமல் நிற்கும் புண்ணுக்கும் இது பொருந்தும்.

“கத்தி வைத்தால் பரவிவிடும்” என்ற அச்சமே சிகிச்சையைத் தள்ளிப்போடச் செய்கிறது. முறையாகச் சதை எடுத்துச் சோதிப்பதால் மெலனோமா பரவுவதில்லை, காத்திருப்பதால்தான் பரவுகிறது. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டியபடி, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் அளந்தே அடுத்த முடிவு எடுக்கப்படுகிறது. 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி அகற்றுவதே பெரும்பாலோருக்குப் போதும். அதைவிட ஆழமானால் 2 சென்டிமீட்டர் வரை அகற்றி, தொடை இடுக்கிலோ அக்குளிலோ உள்ள நிணநீர்க் கணுவையும் சோதிக்க வேண்டியிருக்கும். பரவிய நோய்க்கு 2011 முதல் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றின் விலை சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியதன்று. எனவே சதைப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும், அதில் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறதா என மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினாலும் அந்தத் தாளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.