வெயில் தேடும் வண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ அரபிகா காப்பி வைத்திருப்பவரிடம் "துளைப்பான்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் வாடிவிடும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் அந்தப் பூச்சி நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான், ஆனால் இதன் உணர்கொம்புகள் குட்டை. வண்டின் நீளமே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான். கறுப்பு உடம்பில் சாம்பல் வெள்ளைப் பட்டைகள். கையில் எடுத்துப் பார்த்தால் அழகுதான்.

ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இது பறக்கும். நல்ல வெயிலில்தான் சுறுசுறுப்பு. ஆண் வண்டு வாசனை விட்டுப் பெண்ணை அழைக்கும். பெண் வண்டு வெயில் படும் தண்டாகப் பார்த்து, பட்டை வெடிப்புக்குள் முட்டையிடும். பத்து நாள் வாக்கில் புழு வெளிவந்து முதலில் பட்டைக்கு அடியிலேயே மேயும். அப்போது தண்டைத் தடவினால் விரலில் மேடுமேடாகத் தட்டும். பிறகு கட்டைக்குள் இறங்கிவிடும். தின்று கழித்த தூளைப் பின்னாலேயே கெட்டியாக அடைத்துக்கொண்டு போவதால், மேலே அடிக்கிற மருந்து உள்ளே எட்டாது. ஏறக்குறைய பத்து மாதம் இப்படியே. இளஞ்செடி ஓராண்டுக்குள் பட்டுப்போகும். வயதான செடி இலை மஞ்சளாகி, காய்ப்புக் குறைந்து, சில ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருக்கும். ரோபஸ்டா என்னும் இன்னொரு காப்பி வகையில் மட்டும் இந்தப் புழு பெரும்பாலும் பிழைப்பதில்லை.

இது இன்றைய தொல்லை அல்ல. 1860களில் குடகு, வயநாட்டுத் தோட்டங்கள் இதனால் பாழாயின. மதராஸ் அரசு ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரைக் கொண்டு ஆராயச் சொன்னது. 1869இல் அவர் தந்த அறிக்கையிலேயே நிழல் வேண்டும் என்று வலியுறுத்தினார். அப்படியிருந்தும், விலை வருகிறதென்று தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கை மொத்தமாக வெட்டுகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு மனசு பதைக்கிறது. திறந்துவிட்ட அந்த இடத்துக்குத்தான் வண்டு முதலில் வரும்.

நிழலைக் காப்பாற்றுங்கள். தேங்காய்நார்க் கையுறையால் தண்டைத் தேய்த்து, உரியும் பட்டையை நீக்கிவிட்டால் முட்டையிட இடுக்கு இருக்காது. இளம் பச்சைத் தண்டை மட்டும் தேய்க்க வேண்டாம். மார்ச்சிலும் செப்டம்பரிலும், வண்டு கிளம்புமுன், செடி செடியாகத் தடவிப் பார்த்து, மேடு தட்டியதைப் பிடுங்குங்கள். பிடுங்கிய கட்டையை விறகுக்கென்று கொட்டகையில் அடுக்காதீர்கள். புழு அதற்குள்ளேயே வண்டாகித் தோட்டத்துக்குத் திரும்பிவிடும். உடனே எரித்துவிடுங்கள்.

வணக்கம்.